சும்மா நிற்கும் மெஷினுக்குக் காவல்

எங்கள் தொழிற்சாலையில் ஒரு கிரைண்டிங் மெஷின் வாரத்தில் ஏறக்குறைய ஒரு நாள் ஓடாமல் நிற்கும். பழுது ஒன்றும் இல்லை, ஓட்ட ஆளும் உண்டு. நிற்கட்டும் என்று நான்தான் விட்டுவைத்திருக்கிறேன். வருடா வருடம் பட்ஜெட் மீட்டிங்கில் கணக்குப் பிரிவுத் தலைவர் அந்த மெஷினைக் கையில் எடுப்பார். மணிக்கு இத்தனை ரூபாய், வருடத்துக்கு இத்தனை மணி நேரம் என்று பெருக்கி, என்னால் கம்பெனிக்கு எவ்வளவு நஷ்டம் என்பதை லட்சத்தில் சொல்வார். பெருக்கல் சரியாகத்தான் இருக்கும். அது சும்மா நிற்பதற்குத்தான் சார் எனக்குச் சம்பளம் என்று பதில் சொல்ல வாய் வரும். சொன்னால் திமிர் என்பார்கள். அதனால் ஒரு காகிதத்தை எடுத்து நானும் கணக்குப் போட்டுக் காட்டுவேன்.

பெங்களூருவில் பீன்யா தொழிற்பேட்டையில் இருக்கிறது எங்கள் கம்பெனி. வாகன உதிரிபாகம். கோயம்புத்தூரிலிருந்து வார்ப்பு வரும். இங்கே கடைந்து, துளை போட்டு, கிரைண்டிங் செய்து, இரண்டு தெரு தள்ளியிருக்கும் பிளேட்டிங் கடைக்கு முலாம் பூச அனுப்பி வாங்கி, ஓசூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் லோடு ஏற்றுவோம். நான் தர்மபுரிக்காரன். தாசரஹள்ளியில் வீடு. மெஷின்கள் ஓடும் ஷாப் ஃப்ளோரில் கன்னடம், ஒடிசாப் பையன்களோடு என் ஓட்டை இந்தி, வார்ப்பு ஃபவுண்டரிக்காரரோடும் வாடிக்கையாளரோடும் தமிழ் என்று பொழுது போகும். வாங்குவது, ஸ்டோர்ஸ், பிளானிங், உற்பத்தி, மெயின்டனன்ஸ், டிஸ்பாட்ச் எல்லாம் சீனியர் ஆபரேஷன்ஸ் மேனேஜர் என்கிற என் பதவிக்குக் கீழே வரும். குவாலிட்டி வராது, வரவும் கூடாது. லோடு போக வேண்டும் என்று துடிக்கிறவன் கையிலேயே லோடை நிறுத்தும் அதிகாரமும் இருந்தால் அந்த அதிகாரம் எத்தனை நாள் உயிரோடு இருக்கும்? வாகனத் துறையின் ஐஏடிஎஃப் 16949 தரநிலையும், தரத்துக்குப் பொறுப்பானவருக்கு உற்பத்தியையும் லோடையும் நிறுத்தும் அதிகாரம் இருக்க வேண்டும் என்கிறது. எங்கள் குவாலிட்டி மேனேஜர் அம்மா அந்த அதிகாரத்தைத் தாராளமாகவே பயன்படுத்துவார். மாதத்தில் இரண்டு நாளாவது எங்களுக்குள் பேச்சு இருக்காது.

இந்தப் பதவிக்கு ஆள் தேடும் விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். செலவைக் குறைப்பவர், திறனை உயர்த்துபவர், எல்லாத் துறைகளையும் ஒருங்கிணைப்பவர் வேண்டும் என்று இருக்கும். அதெல்லாம் செய்யத்தான் வேண்டும். ஆனால் நாள் முழுக்க நான் செய்கிற வேலை எந்த விளம்பரத்திலும் இல்லை. கொஞ்சம் இடைவெளியைக் காப்பாற்றுவதுதான் அது. மெஷின் நேரத்தில், சரக்கில், ஆளில், ரோட்டில் ஆகும் நேரத்தில் கொஞ்சம் சும்மா கிடக்க வேண்டும். கம்பெனியில் மற்ற எல்லோருடைய வேலையும் அந்தச் சும்மாவைக் கண்டுபிடித்து நிரப்புவதுதான். யாரையும் குறை சொல்லவில்லை. அவர்களுடைய இன்சென்டிவ் அப்படி எழுதப்பட்டிருக்கிறது.

சரி, அந்தக் காகிதக் கணக்குக்கு வருகிறேன். கிரைண்டிங்கில் ஒரு லாட், அதாவது சேர்ந்து வரும் ஒரு தொகுதி பீஸ், முடிய ஒரு மணி நேரம் ஆகிறது என்று வையுங்கள். லாட்டுகள் மணி அடித்த மாதிரி வராது. ஒரு நேரம் மூன்று சேர்ந்து வரும், ஒரு நேரம் ஒன்றும் வராது. முடிவதும் அப்படித்தான், ஒன்றில் தேய்ந்த கிரைண்டிங் கல்லைச் சீவும் வீல் டிரஸ்ஸிங் வரும், இன்னொன்றில் அளவு நழுவும். இப்படி ஏறி இறங்கும் வேலைக்கு எளிய வரிசைக் கணக்கு ஒன்று உண்டு. மெஷின் 80 சதவீத நேரம் ஓடினால் ஒரு லாட் சராசரியாக 4 மணி நேரம் காத்திருக்கும். 90 சதவீதம் என்றால் 9 மணி நேரம். 95 என்றால் 19. மெஷினிடமிருந்து கூடுதலாகக் கிடைத்தது 15 சதவீத நேரம், காத்திருப்பு ஏறியதோ ஐந்து மடங்குக்குப் பக்கம். 100 சதவீதம் ஓட்டுகிறேன் என்று யாராவது மார்தட்டினால் அவர் வரிசை முடிவில்லாமல் நீண்டுகொண்டே போகிறது என்று அர்த்தம். கோரகுண்டேபாளையா சிக்னலில் சாயந்திரம் ஆறரைக்கு நின்றவர்களுக்கு இந்தச் சூத்திரத்தை விளக்க வேண்டியதில்லை. ரோடு அங்கே முழுத் திறனோடுதான் உழைக்கிறது. நம் வண்டிதான் நகராது.

அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961இல் நிரூபித்த உறவு. ஷாப் ஃப்ளோருக்குள் கிடக்கும் சரக்கை ஒரு நாளைக்கு வெளியே போகும் சரக்கால் வகுத்தால், உள்ளே வருகிற ஒரு பீஸ் சராசரியாக எத்தனை நாளில் வெளியேறும் என்று வந்துவிடும். 6,000 பீஸ் உள்ளே கிடக்கிறது, தினம் 500 போகிறது என்றால் 12 நாள். எத்தனை ஃபாலோ அப் ஷீட் போட்டாலும், எத்தனை பேரைத் திட்டினாலும் 12 நாள்தான். இதை 5 நாள் ஆக்கு என்று மேலிடம் சொன்னால் இரண்டு வழிதான் இருக்கிறது. உள்ளே விடுகிற சரக்கைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் தினம் போவதைக் கூட்ட வேண்டும். சூப்பர்வைசர்கள் முதலில் நம்பவே மாட்டார்கள். மெஷின் முன்னால் டப்பா குவிந்திருந்தால்தான் அவர்களுக்கு வேலை நடக்கிற மாதிரி. டப்பாக்களை எண்ணச் சொல்லி, வகுத்துப் பார்க்கச் சொன்ன பிறகு சிலர் மாறினார்கள். சிலர் இன்னும் டப்பாவை என் கண்ணில் படாமல் பிளேட்டிங் கேட் பக்கம் அடுக்குகிறார்கள்.

ஓஇஇ என்கிற மெஷின் திறன் அளவுகோல் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எந்த ஃபாக்டரிக்குப் போனாலும் அந்த போர்டு சுவரில் தொங்கும். மெஷின் கிடைத்த நேரம், ஓடிய வேகம், நல்ல பீஸ் விகிதம், மூன்றையும் பெருக்கிய எண். ஜப்பானின் செய்ச்சி நகஜிமா டிபிஎம் என்கிற மெஷின் பராமரிப்பு முறையோடு கொண்டுவந்தது. மூன்றும் முறையே 90, 95, 99 சதவீதத்தைத் தாண்ட வேண்டும் என்பது அவர் வைத்த அளவு, பெருக்கினால் 85க்குப் பக்கத்தில் வரும். நல்ல அளவுகோல்தான். நெருக்கடி இருக்கிற மெஷினில் போட்டால் உயிரைக் காப்பாற்றும். எல்லா மெஷினிலும் போட்டு ஆபரேட்டருக்கு ஸ்டார் கொடுக்க ஆரம்பித்தால், யாரும் கேட்காத பார்ட்டை அவர் விடிய விடிய ஓட்டிக் குவிப்பார். போர்டு பச்சையாக இருக்கும், லாரி காலியாக நிற்கும்.

இனி ரோட்டுக் கதை. 2021 டிசம்பர் 25 அன்று தும்கூர் ரோட்டில் எங்கள் தலைக்கு மேலே போகும் பீன்யா மேம்பாலத்தை மூடினார்கள். தூண்களுக்கு நடுவே தளத்தை இழுத்துப் பிடித்திருக்கும் இரும்புக் கேபிள்களில் கோளாறு. 2022 பிப்ரவரியில் கார், பைக்குக்குத் திறந்தார்கள். கனரக வண்டிகள் மேலே ஏற 2024 ஜூலை கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதுவும் வெள்ளிக்கிழமை மட்டும் பராமரிப்புக்காகக் கிடையாது என்ற நிபந்தனையோடு. நடுவில் இரண்டரை வருடம் பீன்யாவின் லாரி எல்லாம் கீழே சர்வீஸ் ரோட்டில் ஊர்ந்தது.

ஓசூர் வாடிக்கையாளரிடம் எங்களுக்கு இறக்கும் ஸ்லாட் இரவு எட்டு மணி. தவறினால் அடுத்த நாள் காலை. முன்பெல்லாம் நான்கு மணிக்குக் கிளப்பினால் மாதவரா போய் ஊரைச் சுற்றிப் போகும் நைஸ் ரோடு பிடித்து, எலெக்ட்ரானிக் சிட்டி, அத்திப்பள்ளி வழியாக ஓசூரில் டீ குடித்துவிட்டு கேட்டில் நிற்கலாம். பாலம் மூடிய பிறகு மாதவரா போவதற்கே எவ்வளவு நேரம் ஆகும் என்று டிரைவரால் சொல்ல முடியவில்லை. ஒரு நாள் இருபது நிமிடம், ஒரு நாள் ஒன்றரை மணி நேரம். சராசரி எவ்வளவு கூடியது என்று எல்லோரும் கேட்டார்கள். என்னைப் படுத்தியது அந்த ஏற்ற இறக்கம். தினமும் ஒன்றரை மணி நேரம் என்றால் யார் வேண்டுமானாலும் திட்டம் போட்டுவிடலாம்.

டிஸ்பாட்ச்சை மதியம் இரண்டரைக்கு இழுத்தோம். கேட்க ஒரு வரி. ஆனால் டிஸ்பாட்ச் ஒன்றரை மணி நேரம் முன்னால் போனால் பேக்கிங் முன்னால் போக வேண்டும், அதற்கு ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன், அதற்கு பிளேட்டிங் வண்டி, அதற்கு முந்தின நாள் இரவு ஷிப்டில் எந்த பார்ட்டை ஓட்டுவது என்பது வரை மாற வேண்டும். கான்டீன்காரர் வரை பேசினோம். பேக்கிங் ஆட்களுக்குச் சாப்பாடு பன்னிரண்டேகாலுக்கே வேண்டும். சாம்பார் ரெடியாகாது என்றார். சாம்பார் எத்தனை மணிக்கு அடுப்பில் ஏறுகிறது என்பதையும் நான் விசாரித்திருக்கிறேன். இந்தப் பதவியின் கம்பீரத்தைப் பற்றி யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ரோடு மூடினாலாவது அறிவிப்பு பேப்பரில் வரும். 2016 செப்டம்பர் அப்படி வரவில்லை. அப்போது நான் இந்தப் பதவியில் இல்லை, ஒரு பிளான்ட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். செப்டம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் பத்து நாளைக்கு வினாடிக்கு 15,000 கன அடி காவிரி நீரைத் தமிழ்நாட்டுக்குத் திறக்கச் சொன்னது. 9ஆம் தேதி கர்நாடக பந்த். 12ஆம் தேதி திங்கட்கிழமை அந்த அளவை 12,000 கன அடியாக மாற்றி, 20ஆம் தேதி வரை என்றது. அன்று மதியத்துக்கு மேல் ஊர் எரிந்தது. தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகளைத் தேடித் தேடிக் கொளுத்தினார்கள். பீன்யாவை ஒட்டிய ஹெக்கனஹள்ளியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறந்தார். பீன்யா உட்பட 16 காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு.

எங்கள் காம்பவுண்டுக்குள் அன்று வார்ப்பு இறக்கிய ஒரு நாமக்கல் லாரி நின்றிருந்தது. செக்யூரிட்டி ஒரு தார்பாயை எடுத்துவந்து நம்பர் பிளேட்டை மறைத்தார். ஷிப்ட் இன்சார்ஜ் மண்டியாக்காரர், காவிரித் தண்ணீரில் நெல் போடுகிற குடும்பம். அந்த விவகாரத்தில் அவருக்கு என்ன கருத்து என்று எனக்கு நன்றாகத் தெரியும், என் கருத்து அவருக்கும் தெரியும். அவர்தான் டிரைவரையும் கிளீனரையும் தன் ஓய்வறையில் படுக்க வைத்து, வாயே திறக்காதீங்க, யாராவது கேட்டா நான் பேசிக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். இரவு ஷிப்டுக்கு வரக் கிளம்பியவர்களை வராதே என்று போன் போட்டுத் திருப்பியதும் அவர்தான். நான் உட்கார்ந்து, கோயம்புத்தூரிலிருந்து கிளம்பிவிட்ட இன்னொரு வண்டியை ஓசூருக்கு முன்னாலேயே நிறுத்த டிரைவரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது கையிலிருந்த வார்ப்பு மூன்று நாளைக்குப் போதுமானது. அதுவும் திட்டம் போட்டு வைத்தது இல்லை, வாடிக்கையாளர் ஒரு ஷெட்யூலைத் தள்ளிப் போட்டதால் தப்பி மிஞ்சியது. அதற்குப் பிறகு ஓசூரில் ஒரு சின்ன குடோன் வாடகைக்கு எடுத்தோம். கோயம்புத்தூர் லோடில் ஒரு பங்கு அங்கே இறங்கும், உள்ளூர் வண்டி வேண்டியபோது எடுத்துவரும். முடித்த சரக்கிலும் கொஞ்சம் அங்கே இருக்கும். முதல் வருடம் வாடகையை யாரும் கேட்கவில்லை. இரண்டாம் வருடம் ஒரு கேள்வி. நான்காம் வருடம், இது தேவையா என்று ஒரு ஸ்லைடே வந்தது. பயம் ஆறிப்போன பிறகும் வாடகையை விடாமல் கட்டவைக்க ஒருத்தர் வேண்டும். 2023 செப்டம்பரில் மறுபடி காவிரிக்காக பெங்களூரு பந்த் வந்தபோது ஓசூர் வாடிக்கையாளருக்கு அந்தக் குடோனிலிருந்தே போனது. அதன் பிறகு ஒரு வருடத்துக்கு ஸ்லைடு வரவில்லை.

ஆட்கள் விஷயம் இதைவிட நுணுக்கம். மெஷினுக்கு மெயின்டனன்ஸ் காலண்டர் போடுகிறோம், மனிதர்களுக்கு ஊர்த் திருவிழாக் காலண்டர் போட வேண்டும். ஜூன் நடுவில் ஒடிசாக்காரர்களுக்கு ரஜ பண்டிகை. பொங்கலுக்கு தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆட்கள் போவது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவரவர் ஊர் மாரியம்மன் பண்டிகை எந்த வாரம் என்று எந்த ஹெச்ஆர் சாஃப்ட்வேருக்கும் தெரியாது. யுகாதிக்கு லீவு விடுவோம், மறுநாள் ஹொசதொடகு, வீட்டில் கறிச் சாப்பாடு. அன்று வருகிறேன் என்று சொல்பவரை நம்பிப் பிளான் போட்டால் உங்கள் பாடு.

ஒடிசாப் பையன்கள் விஷயத்தில் எங்கள் பிளானிங் பையன் ஒரு வழி கண்டுபிடித்தான். லீவு லெட்டருக்குக் காத்திருந்தால் அது கடைசி வாரம்தான் வரும், சில சமயம் ஆள் போன பிறகு வரும். ஆனால் புவனேஸ்வர் போகும் பிரசாந்தி எக்ஸ்பிரஸில் டிக்கெட் வேண்டுமென்றால் முன்பதிவு திறந்த அன்றே போட வேண்டும். அதனால் அந்த வாரம் கான்டீனில் உட்கார்ந்து, டிக்கெட் கிடைச்சுதா என்று சும்மா கேட்டுவைப்பான். கிடைக்காதவர்களுக்கு அவனே போனில் முயற்சி பண்ணித் தருவான். யார் எப்போது போய் எப்போது திரும்புகிறார்கள் என்பது அவன் நோட்டில் ஏறிவிடும். முன்பு 120 நாளுக்கு முன்பே தெரிந்தது. 2024 நவம்பரில் ரயில்வே முன்பதிவுக் காலத்தை 60 நாளாகக் குறைத்ததில் எங்கள் ஆள்பலத் திட்டமும் பாதியாகக் குறைந்தது. ரயில்வே வாரியத்துக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. அறுபது நாளும் போதும். இருக்கிறவர்களை ஓவர்டைம் போட்டுச் சமாளிக்கலாம், சட்டப்படி இரட்டைச் சம்பளம். பணம் போனாலும் பரவாயில்லை, தொடர்ந்து மூன்றாவது வாரம் ஓவர்டைம் பார்க்கிறவர் போடும் பீஸில் ரிஜெக்‌ஷன் ஏறும். அது எங்கள் ரிஜிஸ்டரிலேயே தெரிகிறது.

எவ்வளவு இடைவெளி வைத்தாலும் ஏதோ ஒரு வாரம் எல்லாம் தீர்ந்துபோகும். அப்போது யாருக்குத் தாமதம் ஆகட்டும் என்று முடிவெடுப்பது என் மேஜைக்கு வரும். கீழே இருப்பவர்கள் எடுக்க முடியாது, மேலே இருப்பவர்கள் எடுக்க விரும்ப மாட்டார்கள். போன மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை காலை ஃபவுண்டரிக்காரர் கூப்பிட்டார்.

“சார், ஒரு சங்கடமுங்க. ஃபர்னஸ் லைனிங் போயிருச்சுங்க.”

“எத்தன நாள் ஆகுமுங்க?”

“புதுசா அடிச்சு, காயவெச்சு, சூடு ஏத்தோணுமுங்க. வியாழக்கிழமைக்கு முன்ன உருக்க முடியாதுங்க. வெள்ளிக்கிழம ராத்திரி வண்டி உட்டர்றனுங்க.”

“வெள்ளிக்கிழமைன்னே வெச்சுக்கலாமுங்களா?”

கொஞ்சம் யோசித்தார். “சனிக்கிழமைன்னு வெச்சுக்குங்க சார்.”

அந்த ஒரு நாள் திருத்தம் எனக்குத் தங்கம். அவரிடம் பல வருடங்களாக நான் கத்தியதில்லை. கத்தியிருந்தால் திங்கட்கிழமை போன் வந்திருக்காது. வெள்ளிக்கிழமை நான் கூப்பிட்ட பிறகு, வண்டி சங்ககிரி தாண்டிருச்சுங்க என்று பதில் வந்திருக்கும். தாமதத்தைவிட இந்தப் பொய் எங்களை அதிகம் கொல்லும், ஏனென்றால் பொய்யை நம்பி நான்கு பேருக்கு வேலை கொடுத்திருப்போம்.

பத்து நிமிடத்தில் ஸ்ரீபெரும்புதூர் வாடிக்கையாளரின் பர்ச்சேஸ் மேனேஜரைக் கூப்பிட்டேன். எங்கள் சேல்ஸ் ஆள் தடுத்தார், புதன்கிழமை வரைக்கும் பார்ப்போம் சார், எப்படியாவது சமாளிச்சிடலாம் என்றார். இந்த எப்படியாவதை நம்பி நான் ஒன்றும் செய்வதில்லை. “சார், உங்ககிட்ட வியாழன் வரைக்கும் ஸ்டாக் இருக்கு. என்கிட்ட இருக்கற வார்ப்புல புதன் ராத்திரிக்குள்ள 2,000 தரேன். மீதி அடுத்த செவ்வாய்தான்” என்றேன். அவர் கோபப்பட்டார், நியாயம்தான். அரை மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டு, வெள்ளி சனியில் வேறு மாடலை லைனில் ஏற்றிக்கொள்வதாகச் சொன்னார். திங்கட்கிழமை சொன்னதால் அவரால் மாற்ற முடிந்தது. வியாழக்கிழமை சொல்லியிருந்தால் அவர் லைன் நின்றிருக்கும். வாடகைக் கார் டிக்கியில் பெட்டிகளை அடுக்கி ராத்திரியோடு ராத்திரியாக அனுப்பியிருப்போம், அந்தச் செலவு வாடிக்கையாளர் எங்களுக்கு மதிப்பெண் போடும் ரேட்டிங் ஷீட்டில் பிரீமியம் ஃப்ரைட், அதாவது அவசரமாக அனுப்பிய செலவு, என்ற கட்டத்தில் ஏறியிருக்கும், எங்கள் டீம் இரவு பகல் பாராமல் உழைத்தது என்று ஒரு பாராட்டு மெயிலும் வந்திருக்கும்.

அந்தப் பாராட்டு மெயில்தான் எனக்குப் பிடிக்காதது. கம்பெனிகளில் தீயை அணைத்தவருக்குத்தான் கைத்தட்டு. தீ பிடிக்காமல் பார்த்துக்கொண்டவருக்கு, இவருக்கு என்னப்பா வேலை என்ற கேள்வி. இதனால் நல்ல இன்சார்ஜ்கள்கூட நெருக்கடிக்கு ஏங்க ஆரம்பித்துவிடுகிறார்கள். எங்களிடம் இப்போது ஒரு வழக்கம் உண்டு. ராத்திரி எனக்குப் போன் பண்ண மூன்று காரணம்தான்: யாருக்காவது அடிபட்டது, தீ விபத்து, வாடிக்கையாளர் லைன் நிற்கப் போகிறது. மற்ற எல்லாவற்றுக்கும் ஷிப்ட் இன்சார்ஜ் எடுப்பதே முடிவு. காலையில் அந்த முடிவு எனக்குப் பிடிக்காவிட்டாலும் ஆபரேட்டர்கள் முன்னால் மாற்ற மாட்டேன். ஆரம்பத்தில் போன் வந்துகொண்டே இருந்தது. நீங்க என்ன நினைக்கிறீங்க என்று கேட்பேன், சொல்வார்கள், அப்ப அதையே செய்ங்க என்று வைத்துவிடுவேன். மெல்ல மெல்ல நின்றது. என் மனைவிக்குத்தான் சந்தேகம், வேலையை விட்டுட்டீங்களா என்று ஒரு முறை கேட்டாள்.

இரண்டாவது பிளான்ட்டுக்கு ஆபரேஷன்ஸ் மேனேஜர் எடுக்க சமீபத்தில் இன்டர்வியூ நடத்தினோம். வந்தவர்களிடம் நான் கேட்டது, போன வருடம் எந்த ஆர்டரை லேட் பண்ணினீர்கள், யாரிடம் எப்போது சொன்னீர்கள் என்பது. பெரும்பாலோர் வீரக்கதை சொன்னார்கள். மூன்று ராத்திரி ஃபாக்டரியிலேயே படுத்தேன், ஃப்ளைட்டில் பார்ட்டைக் கையில் கொண்டுபோனேன் என்று. சிக்ஸ் சிக்மா என்கிற தர மேம்பாட்டுப் பயிற்சியில் பெல்ட் வாங்கியிருந்தவர் ஒருவர், எங்களிடம் எதுவுமே லேட் ஆனதில்லை என்றார். நன்றி சொல்லி அனுப்பினோம். ஓசூரிலிருந்து வந்த ஒருவர் மட்டும் மூன்று ஆர்டரைத் தேதியோடு சொன்னார், ஒவ்வொன்றிலும் வாடிக்கையாளருக்கு எத்தனை நாள் முன்னால் சொன்னார் என்பதையும் சொன்னார். அவரை எடுத்தோம். சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. இன்னும் ஒரு கிரைண்டர் வேண்டும், இருக்கிற ஒன்று 93 சதவீத நேரம் ஓடுகிறது, தாங்காது என்று நேற்று மெயில் போட்டிருக்கிறார். கணக்குப் பிரிவுக்கும் காப்பி வைத்திருக்கிறார். தைரியசாலி. கொட்டேஷன் வாங்கச் சொல்லியிருக்கிறேன், விலையைப் பார்த்துவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.